நாலாவது மாடியை வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஒன்றரை ஆண்டாக ஒரு வளாகத்தில் நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய ஆலையைப் புதுப்பித்துக் கட்டிய இடம். கீழே கஃபேக்கள், ஓவியக்கூடம், இரவில் இசை நடக்கும் ஒரு கூடம், எல்லாம் நடக்கிற தூரத்தில். வந்து போகிற நண்பர்களுக்கெல்லாம் பொறாமை. ஆனால் வாரக் கடைசியில் இரவு ஒரு மணி வரை திம் திம் என்று பாஸ் சத்தம் படுக்கை வரை வருகிறது. நாங்கள் குடிவந்தபோது இருந்த செருப்புத் தைக்கும் கடையும் பலசரக்குக் கடையும் இப்போது இல்லை. போன மாதம் வந்த மாமியார் சதுக்கத்துத் திண்டில் துணி விரித்து உட்கார்ந்தபோது ஒரு காவலாளி வந்து எழுப்பிவிட்டார். இப்போது வீட்டுக்காரர் விற்கப்போகிறார். முதல் வாய்ப்பு எங்களுக்குத்தானாம், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். 'ஏரியா ஏறிக்கொண்டே போகிறது, விட்டால் கிடைக்காது' என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் வந்ததால்தான் பழைய ஆட்கள் போனார்களோ என்றும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில் (நகரமைப்பு, கட்டட ஆலோசகர்):

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை வாங்காதீர்கள். அங்கேயே வாடகைக்குத் தொடருங்கள். உங்கள் கணவருக்கு இது பிடிக்காமல் போகலாம். அதனால் அவர் சொல்லும் காரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏரியா ஏறுகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அது ஊருக்கே தெரிந்த விஷயம். விற்கிறவருக்கும் தெரியும். அவர் கேட்கிற விலையில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கஃபே வருவதற்கு முன்னால் வாங்கியவருக்குப் போன லாபம் அது. இப்போது வாங்குகிறவர், இனிமேல் ஏறப்போவதாக நம்புவதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்கிற விலையை ஓராண்டு வாடகையால் வகுங்கள். அதே நகரத்தில் இவ்வளவு பெயர் எடுக்காத, ஆனால் போக்குவரத்து வசதியுள்ள ஒரு பகுதிக்கும் அதே கணக்கைப் போடுங்கள். முதல் எண் இரண்டாவதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால், உங்களிடம் கேட்கப்படுவதில் கணிசமான பங்கு எதிர்பார்ப்புக்கான விலை என்று அர்த்தம். இந்தக் கணக்கில் வட்டி, வரி எதுவும் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வீட்டில் இருவர் உட்கார்ந்து பேசத் தொடங்குவதற்கு இது போதும்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. இப்படிப்பட்ட வளாகங்களில் ஒரே அளவில், ஒரே அமைப்பில் ஏராளமான வீடுகள் இருக்கும். நாளைக்கு நீங்கள் விற்க நினைக்கும்போது பில்டர் பக்கத்து மனையில் புத்தம்புது வீடுகளை விற்றுக்கொண்டிருப்பார். அவரால் தவணைச் சலுகை தர முடியும், உங்களால் முடியாது.

நீங்கள் ரசிக்கிற விஷயங்களும் அப்படியே நிற்கும் என்று சொல்வதற்கில்லை. நியூயார்க்கின் சோஹோ இதற்கு நல்ல உதாரணம். தொழிற்சாலைகள் காலி செய்த மாடிகளில் 1960களில் ஓவியர்கள் குடியேறினார்கள். வாடகை குறைவு, கூரை உயரம், வெளிச்சம் தாராளம். சட்டப்படி அங்கே குடியிருக்க அனுமதி மட்டும் கிடையாது. 1971இல் நகர நிர்வாகம் கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று விதியை மாற்றியது. 1973இல் வார்ப்பிரும்பு முகப்புகள் நிறைந்த அந்தத் தெருக்கள் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. காட்சிக்கூடங்கள் வந்தன, பின்னாலேயே பெரிய பெயர் கொண்ட ஆடைக் கடைகள் வந்தன, வாடகை ஓவியர்களுக்கு எட்டாமல் போனது. 1990களில் காட்சிக்கூடங்களே பலவும் அதே நகரத்தின் செல்சீ பகுதிக்கு இடம் மாறிவிட்டன. 'சோஹோவில் விலை விழவில்லையே' என்று உங்கள் கணவர் கேட்பார். சரிதான், விழவில்லை. ஆனால் ஓவியர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கே வீடு வாங்கியவர்களுக்குக் கடைசியில் ஆடைக் கடைகள்தான் மிஞ்சின.

இது எப்படி நடக்கிறது என்பதை நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே விளக்கியிருக்கிறார். பலவகைக் கடைகளும் பலவகை ஆட்களும் இருப்பதால் ஒரு தெரு களைகட்டுகிறது. களைகட்டுவதால் வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைக் கட்டக்கூடிய ஒரு சில வகைக் கடைகள் மட்டும் தங்க, மற்றவை போய்விடுகின்றன. உங்கள் செருப்புத் தைக்கும் கடையும் பலசரக்குக் கடையும் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். கீழ்த்தளக் கடைகளின் குத்தகை எப்போது முடிகிறது என்று கடைக்காரர்களிடமே பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் ஒரே சமயத்தில் முடிகிறது என்றால், அடுத்த சில ஆண்டுகளில் உங்கள் தெரு வேறு தெருவாகிவிடும். வாடகைக்கு இருந்தால் அப்போது மூட்டை கட்டிக் கிளம்பலாம்.

அடுத்தது சத்தம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான், விலை கூட இல்லை.

தூக்கம் கெடாமல் இருக்கப் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலையும், நடுநடுவே எழும் தனிச் சத்தம் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஃபோன் செயலியில் அளந்து பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அந்த எண்ணைப் பெரிதாக நம்பாதீர்கள். ஃபோன் மைக் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, வழக்கமான டெசிபல் அளவீடும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கில் எடுக்கும். உங்களைப் படுத்துவதோ அந்தத் தாழ்ந்த ஒலிதான். எண் சின்னதாக வந்தது என்பதற்காக 'உனக்குத்தான் பிரமை' என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாஸ் சத்தம் இரண்டு வழியாக வரும். ஒன்று காற்று வழி: கூடத்தின் கதவு, ஜன்னலிலிருந்து தெருவுக்கு வந்து உங்கள் ஜன்னல் வழியாக நுழைவது. இன்னொன்று கட்டடத்தின் வழி: ஸ்பீக்கர் தரையிலோ சுவரிலோ உட்கார்ந்திருந்தால் அதிர்வு தூண், உத்திரம், தளம் என்று ஏறி உங்கள் அறைச் சுவரிலிருந்தே சத்தமாக வெளிப்படும். எது என்று கண்டுபிடிக்க அடுத்த சனிக்கிழமை இரவு ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம், இறுக மூடிக் கொஞ்ச நேரம் கேளுங்கள். மூடியதும் நன்றாகக் குறைந்தால் காற்று வழி. பெரிய வித்தியாசம் தெரியாமல், சுவரிலோ தூணிலோ உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தட்டுப்பட்டால், அது கட்டடத்தின் வழியாக வருகிறது.

காற்று வழி என்றால் செலவு செய்து தீர்க்கலாம். ஏற்கெனவே உள்ள ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல், இரண்டுக்கும் நடுவே சுமார் 100 மில்லிமீட்டர் இடைவெளி, இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமன், ஓரங்களில் ஒரு விரிசல் கூட இல்லாமல் ரப்பர் பட்டை. இப்படிச் செய்தால் நல்ல பலன் தெரியும். (கனமான திரைச்சீலை போடச் சொல்வார்கள். அறைக்குள் எதிரொலியைத்தான் அது குறைக்கும், வெளியிலிருந்து வருகிற பாஸ் சத்தத்தை ஒன்றும் செய்யாது.) கட்டடத்தின் வழி வருகிறது என்றால் உங்கள் வீட்டுக்குள் நீங்கள் எதைச் செய்தாலும் பணம்தான் வீண். கூடத்திலேயே ஸ்பீக்கருக்கு அடியில் ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்துத் தரையிலிருந்து பிரிக்க வேண்டும், ஆம்ப்ளிஃபயருக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் மிதக்கும் தளம் (கட்டடத்தின் தரையை நேரடியாகத் தொடாத தனித் தளம்) போட வேண்டும். அதையெல்லாம் செய்ய வேண்டியவர் கூடத்துக்காரர். அவரைச் செய்ய வைக்க முடியுமா என்பது, சில ஊர்களில் யார் முதலில் அங்கே வந்தார் என்பதைப் பொறுத்தது.

உதாரணமாக, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும், இங்கிலாந்து 2018இலும் தங்கள் திட்ட விதிகளில் ஒரு கொள்கையைச் சேர்த்தன. சூழலில் புதிதாக வந்து சேர்கிறவர்தான் சத்தத்தைச் சமாளிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். இசைக்கூடம் முன்பே இருந்து, குடியிருப்பு பின்னால் வந்திருந்தால், ஒலித்தடுப்பு பில்டரின் கடமை. பின்னால் குடிவந்தவர்கள் புகார் செய்து கூடத்தை மூட வைப்பது அங்கே கடினம். குடியிருப்பு முதலில் இருந்து கூடம் பின்னால் வந்திருந்தால் பாரம் கூடத்தின் மேல். உங்கள் ஊர் விதி என்ன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கூடத்தின் உரிமம் எந்த ஆண்டில் தரப்பட்டது, எத்தனை மணி வரை அனுமதி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கூடம் பழையது, அனுமதி இரவு இரண்டு மணி வரை, அதிர்வு தூண் வழி என்று மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்த வீட்டில் தூக்கம் கிடைக்காது.

உங்கள் ஜன்னலுக்கு எதிரே காலி மனை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மறுசீரமைப்புப் பகுதிகளில் அநேகமாக இருக்கும், கார் நிறுத்தும் இடமாகவோ கைவிடப்பட்ட ஒரு கொட்டகையாகவோ. அங்கே எவ்வளவு உயரம் வரை கட்டலாம் என்பது நகரத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும், யாரும் போய்ப் பார்க்கலாம். விற்பனைப் படத்தில் அந்த இடம் பச்சையாக வரைந்திருந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். அனுமதி வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னல் வழிக் காட்சி உங்களுக்குச் சொந்தம் என்று எந்தப் பத்திரமும் சாதாரணமாகச் சொல்லாது.

கட்டடத்தைப் பற்றி இரண்டு கேள்விகள். ஆலை இருந்த மண்ணில் என்ன இருந்தது என்பது ஒன்று. சாயம், எண்ணெய், ஈயம், இயந்திரங்களைத் துடைக்கும் கரைப்பான்கள் எல்லாம் பழைய தொழில் நிலங்களில் தங்கிவிடும். கரைப்பான்களின் ஆவி தரை வழியே கீழ்த்தளங்களுக்குள் வரக்கூடும். புரூக்ளினின் கோவானஸ் கால்வாயை அமெரிக்க அரசு 2010இல் சூப்பர்ஃபண்ட் என்ற மாசுச் சுத்திகரிப்புத் திட்டத்தில் சேர்த்தது. 2021இல் அதன் கரைகளிலேயே உயரமான குடியிருப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. சுத்தம் செய்தால் அப்படிப்பட்ட நிலத்திலும் வாழலாம், அதில் தகராறில்லை. சுத்தம் செய்ததற்கான மண் பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நாலாவது மாடிக்கு நேரடி ஆபத்து குறைவு. ஆனால் பின்னால் ஏதாவது கிளம்பினால் செலவு எல்லா உரிமையாளர்களுக்கும் பங்காக வரும்.

இரண்டாவது கேள்வி முகப்பைப் பற்றியது. புதுப்பிக்கும்போது வெளிச்சுவரில் தகடு பதித்திருந்தால் அது எரியக்கூடிய பொருளா என்று கேளுங்கள். லண்டனின் கிரென்ஃபெல் டவரில் புதுப்பிப்பின்போது பதித்த தகடுகள் வழியாக 2017 ஜூனில் தீ மேலே பரவி 72 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் வீடுகளை விற்கவும் முடியாமல், தகட்டை மாற்றும் செலவையும் தாங்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டன. வாடகைக்கு இருந்தவர்களால் காலி செய்துவிட்டுப் போக முடிந்தது.

பராமரிப்புக் கட்டணம் பற்றிச் சுருக்கமாக: பில்டர் நடத்தும் முதல் சில ஆண்டுகளில் அது குறைவாக வைக்கப்படுவது சகஜம். குடியிருப்போர் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கையும், லிஃப்ட், கூரை போன்ற பெரிய வேலைகளுக்காக ஒதுக்கிய நிதியில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் மாமியாரை எழுப்பிவிட்ட காவலாளிக்கு வருவோம். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சதுக்கம் அநேகமாகத் தனியார் நிலம். பார்வைக்குப் பொது இடம் போலவே இருக்கும், விதி மட்டும் நிலக்காரருடையது. லண்டனில் கிங்ஸ் கிராஸ் மறுசீரமைப்பில் 2012இல் திறந்த கிரானரி சதுக்கம் இந்த வகைதான். இப்படிப்பட்ட இடங்களில் யார் உட்காரலாம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நகர நிர்வாகத்துக்கும் நிலக்காரருக்கும் இடையேயான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதில் பொதுமக்களுக்குச் சாதகமான வரிகளும் இருக்கும். 2011இல் நியூயார்க்கின் ஸக்கோட்டி பூங்காவில் போராட்டக்காரர்கள் சுமார் இரண்டு மாதம் இரவு பகலாகத் தங்க முடிந்ததற்கு ஒரு காரணம், தனியாருக்குச் சொந்தமான அந்த இடம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. நகரத்தின் சொந்தப் பூங்காக்களோ இரவில் மூடப்படும். உங்கள் சதுக்கத்துக்கான அனுமதி நிபந்தனைகளின் பிரதியை வாங்கிப் படியுங்கள். இருக்கைகள் வைக்க வேண்டும், எல்லாரும் வந்துபோக விட வேண்டும் என்று அதில் இருந்தால், அடுத்த முறை மாமியார் வரும்போது அந்தத் தாளைக் காவலாளியிடம் காட்டுவதோடு நில்லாமல் நிர்வாகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாடகைதாரராக இருந்தே இதைச் செய்யலாம்.

உறுத்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லண்டனின் உழைப்பாளர் பகுதிகளுக்குள் நடுத்தர வகுப்பினர் நுழைவதைக் கவனித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், இது ஒரு இடத்தில் தொடங்கிவிட்டால் பழைய குடிகளில் பெரும்பாலோர் வெளியேறும் வரை வேகமாக நடக்கும் என்று 1964இல் எழுதினார். லான்ஸ் ஃப்ரீமன், ஃபிராங்க் பிரகோனி இருவரும் நியூயார்க் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி வந்தது. இப்படி மாறும் பகுதிகளில் இருந்த ஏழைக் குடும்பங்கள் மற்ற இடங்களில் இருந்தவர்களைவிட அதிகமாக இடம்பெயரவில்லை என்றார்கள். அதை இன்றும் சண்டை போட்டு விவாதிக்கிறார்கள். என் பார்வையில், வாடகைக்குப் பாதுகாப்பு இருக்கிற ஊரில் பழையவர்கள் தங்குகிறார்கள், இல்லாத ஊரில் போகிறார்கள். அந்தப் பாதுகாப்பை அரசாங்கம்தான் தர முடியும். பெர்லினில் சில பகுதிகளைச் சமூகப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்து, ஆடம்பரப் புதுப்பிப்புக்கும் வாடகை வீடுகளைச் சொந்த வீடுகளாக மாற்றுவதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் நீங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே போயிருப்பார்கள், ஆலை மூடிய நாளில். செருப்புத் தைத்தவரின் விஷயம் வேறு. அவர் உங்கள் காலத்தில் போனவர். உங்களைப் போன்றவர்கள் தரக்கூடிய வாடகையைக் கணக்கில் வைத்துத்தான் அவர் கடையின் வாடகை ஏறியிருக்கும். அதில் உங்களுக்கு ஒரு சிறு பங்கு உண்டு, இல்லை என்று சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்காக வீட்டைக் காலி செய்வதால் அவர் திரும்பப் போவதில்லை, உங்கள் இடத்துக்கு இன்னும் அதிக வாடகை தருகிற ஒருவர் வருவார். கீழ்த்தளத்தில் ஒன்றிரண்டு சின்னக் கடைகளையாவது குறைந்த வாடகைக்குத் தொழில் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் சங்கத்தின் மூலம் கேட்கலாம். சில இடங்களில் இது அனுமதி நிபந்தனையிலேயே இருக்கும், யாரும் கேட்காததால் கிடப்பில் கிடக்கும்.

இனி வீட்டுக்காரருக்கு. மண் பரிசோதனை அறிக்கை, முகப்புப் பொருள் விவரம், சங்கக் கணக்கு இவற்றைக் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள். வாங்கப் போவதில்லை என்றாலும் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றிய விஷயம் அது. அதே கடிதத்தில், இரண்டு ஆண்டுக்கு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயார் என்றும், வேறு யாருக்கு விற்றாலும் அந்த ஒப்பந்தம் புது உரிமையாளரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். முதலீட்டுக்காக வாங்குகிறவருக்கு நிலையான வாடகைதாரர் இருப்பது பல நேரம் சாதகம், அதனால் வீட்டுக்காரர் சம்மதிக்க வாய்ப்புண்டு. தானே குடிவர நினைப்பவருக்கு விற்பதானால் சம்மதிக்க மாட்டார். அப்போது இரண்டு தெரு தள்ளி, கீழே கடையில்லாத ஒரு பழைய கட்டடத்தில் பின்பக்க வீடாகப் பாருங்கள். கஃபேக்கு நடந்தே போய்விடலாம். உங்கள் கணவருக்கு அப்போதும் வாங்கும் ஆசை இருந்தால், அங்கே ஓராண்டு தூங்கிப் பார்த்துவிட்டு அந்தக் கட்டடத்திலேயே விலை கேட்கட்டும்.